எரிகிறதென்று சொல்லாத வீடு

அந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் ஏதாவது ஓர் அவசர வேலை வந்துவிடும். முதல் கவளம் உள்ளே போகும். இரண்டாவதைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே அத்தான் தலையை நிமிர்த்தி, கோழிக்கூண்டின் கதவு ஆடுகிறதுபோல் இருக்கிறதே என்பார். எழுந்து பின்பக்கம் போவார். அவருடைய தம்பி, சைக்கிளை வெயிலில் விட்டுவிட்டேன் என்று வாசலுக்கு ஓடுவார். எனக்கு எங்கேயோ வைத்துவிட்ட பாடப்புத்தகம் நினைவுக்கு வரும். அக்காவுக்கு அடுப்பில் தண்ணீர் கொதிப்பது ஞாபகம் வரும். கடைசியில் அந்த நீள மேசையில் அத்தை மட்டும் தனியாக, நிதானமாக, நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அந்த வீடு இருந்த காஜா பேராங்கின் பெயரை யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கோயில் தெரு தோன்றுவதில்லை. அந்த மேசைதான் தோன்றுகிறது. அதைச் சுற்றிக் காலியாகக் கிடந்த நாற்காலிகளும்.

அத்தை என்று நான் சொல்வது என் அக்காவின் மாமியாரை. எங்கள் அப்பா தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. அக்கா கல்யாணமாகி மலாக்காவுக்குப் போனதும், பட்டணத்துப் பள்ளியில் படிக்க வேண்டும் என்று அடம்பிடித்து நானும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தேன். சுதந்திரம் வரப்போகிறது என்று எல்லோர் வாயிலும் அந்தப் பேச்சே இருந்த காலம் அது. தோட்டத்தில் உட்கார்ந்து ரப்பர் மரங்களை எண்ணிக்கொண்டிருந்தால் எல்லாம் என்னைத் தாண்டிப் போய்விடும் என்று எனக்கு ஒரு பதற்றம். அத்தானின் வீட்டார் மலாக்காச் செட்டிகள். தலைமுறை தலைமுறையாக அங்கேயே வேர்விட்டவர்கள். பெயர் தமிழ், சாமி தமிழ், நெற்றியில் திருநீறு. இடுப்பில் சாரோங், வாயில் மலாய். அந்த மலாய்க்குள் நம் சொற்கள் அங்கங்கே சாதத்தில் கல் மாதிரி தட்டுப்படும். அவர்கள் பேசியதை நான் இங்கே தமிழில்தான் எழுதுகிறேன். அக்கா மட்டும் ஆறே மாதத்தில் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு, அத்தையை மற்றவர்கள் அழைப்பதுபோல் ‘மாக்’ என்று அழைக்கத் தொடங்கியிருந்தாள். அவர்கள் மொழியில் அம்மா என்று அர்த்தம்.

காரம் என்றால் எங்களுக்குத்தான் தெரியும் என்ற திமிரோடு போனவள் நான். தோட்டத்தில் எங்கள் வீட்டு மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டுப் பக்கத்து வீட்டு மாமா இரண்டு நாள் பேசவில்லை என்று அம்மா பெருமையாகச் சொல்லுவாள். அத்தை வீட்டில் முதல் நாள் என் தட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் கரண்டி சம்பால் வைத்தார்கள். சுட்ட பெலாச்சான் என்கிற இறால் விழுதும் சிலிப்பாடியும் சேர்த்து இடித்தது. மேலே எலுமிச்சை பிழிந்திருந்தது. சிலிப்பாடி நம் ஊசிமிளகாய்தான், குட்டி விரல் நகத்தளவு இருக்கும். பார்க்க ஒன்றுமே இல்லை. நான் அதைத் துவையல் மாதிரி சோற்றில் போட்டுப் பிசைந்து வாயில் வைத்தேன். முதலில் இறால் வாசனை, பிறகு புளிப்பு, பிறகு ஒரு சின்ன அமைதி. அந்த அமைதியில் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. அப்புறம் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. கண்ணில் நீர், மூக்கில் நீர். தண்ணீர்க் குவளையை எடுக்கப் போனேன். அத்தானின் தம்பி அதை நகர்த்தி வைத்துக்கொண்டார்.

“தண்ணி குடிச்சா நெருப்பு ஊரெல்லாம் பரவும். சூடா இருக்கற சோத்த வாயில போடு. அப்படியே வெச்சிரு.” பிறகு அக்காவைப் பார்த்து, “உங்க தோட்டத்துல மிளகாய்ச் செடிக்குப் பதிலா பூச்செடியா நட்டிருக்காங்க?” என்று கேட்டார்.

ஒரு வாரம் அழுதுகொண்டே சாப்பிட்டேன். மறுவாரம் நானே கேட்டு வாங்கினேன். அதை எப்படிச் சொல்வது? எரிந்து முடிந்தபின் வாய்க்குள் ஒரு வெளிச்சம் வரும். மீனின் இனிப்பு, வெள்ளரிக்காயின் குளிர்ச்சி, தேங்காய்ப்பாலின் கொழுப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான் தனித்தனியாகத் தெரியும். உச்சந்தலை வியர்த்து, ஜன்னல் வழியாகக் காற்று வந்து அந்த வியர்வையில் படும்போது, பரீட்சைக்கு இனிமேல் படிக்கவே வேண்டாம் என்று யாரோ சொன்னதுபோல் உடம்பு லேசாகும். அத்தையின் கையில் அந்தக் காரம் ஓர் எல்லைக்கோட்டில் நிற்கும். இன்னும் ஒரு மிளகாய் கூடினால் தாங்காது, ஒன்று குறைந்தால் எடுபடாது. கிளேபாங் கடற்கரையிலிருந்து மீன் வந்த நாளில் உறவுக்காரர்கள் காரணமே இல்லாமல் அந்த வீட்டுப் பக்கம் வந்து எட்டிப்பார்த்ததற்கு அந்தக் கைதான் காரணம்.

மழைக்காலத்தில் அத்தைக்கு விஷக்காய்ச்சல் வந்தது. பிழைப்பாரோ என்று பயந்து, பிறகு பிழைத்து, எலும்பும் தோலுமாக எழுந்து நேரே அடுப்படிக்குப் போனார். எங்களுக்கெல்லாம் சந்தோஷம். அன்றைய குழம்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. வாய் கசந்திருப்பதால் அப்படி என்றார் அத்தான். மறுவாரம் இன்னும் தூக்கல். அதற்கடுத்த வாரம் எல்லோருக்கும் அவசர வேலைகள் வர ஆரம்பித்தன.

விஷயத்தை முதலில் கண்டுபிடித்தது நான் என்றுதான் நினைத்தேன். ஒரு பகல் அடுப்படியில் ஊறுகாய் எடுக்கப் போனபோது, அத்தை ஒரு சிலிப்பாடியை முழுசாக வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. கடையில் துணியைத் தடவிப் பார்க்கிறவர்களின் முகம் மாதிரி இருந்தது. மென்று முடித்து, குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கி, யோசித்து, இன்னொரு பிடி மிளகாயைக் கல்லில் போட்டார். நான் கிணற்றடிக்கு ஓடி அக்காவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். அக்கா துணி அலசுவதை நிறுத்தவில்லை. “எனக்குத் தெரியும். நீ வாய மூடு” என்றாள்.

ஏன் வாயை மூட வேண்டும் என்பது அடுத்த வீட்டைப் பார்த்தால் புரியும். அங்கே அத்தானின் பெரியம்மா இருந்தார். கண் மங்கியதும் மருமகள்கள் அவரை மிகுந்த அன்போடு அடுப்படியிலிருந்து கைபிடித்து அழைத்துவந்து, முன்கூடத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கையில் விசிறி, பக்கத்தில் வெற்றிலைப் பெட்டி, வேளைக்குச் சாப்பாடு. அதோடு அவர் அரைத்த கல் மருமகளுக்குப் போய்விட்டது. பிறகு அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. அத்தை மாலையில் போய் அவரோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். ஒருநாள் திரும்பி வந்து, “அவளுக்கு ஒரு குறையும் இல்ல. அதுதான் பார்க்க முடியல” என்றார். அதைக் கேட்ட பிறகு அந்த வீட்டில் யாருக்கு வாய் வரும்?

ஆகவே எரிந்தோம். எரிந்ததை ஒளிந்து ஒளிந்து தணித்துக்கொண்டோம். கோழிக்கூண்டுக்குப் பின்னால் அத்தான் வெள்ளரிக்காய் வைத்திருந்தார். அரசாங்க அலுவலகத்தில் மடிப்புக் கலையாத சட்டையோடு உட்காருகிற மனிதர், கூண்டுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு வெள்ளரிக்காய் கடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். தம்பியின் சட்டைப்பையில் குலா மலாக்கா, அந்த ஊர்த் தென்னை வெல்லம், எப்போதும் ஒரு துண்டு இருக்கும். நான் பள்ளியில் விஞ்ஞானம் படிக்கிற சுறுசுறுப்பில் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். தண்ணீர் மோசம். ஐஸ் வாயில் இருக்கும்வரை சொர்க்கம், கரைந்ததும் இரட்டிப்பு நரகம். உப்பை நாக்கில் வைத்தால் கவனம் கொஞ்சம் திரும்பும், அவ்வளவுதான். சூடான தேநீர் எதிரியை எதிரியால் அடிப்பது. தோட்டமாக இருந்தால் மோர் இருக்கும். இங்கே தயிர் தோய்க்கிற பழக்கமே இல்லை. கடைசியில் நான் முடிசூட்டியது தேங்காய்ப்பாலில் வெல்லப்பாகு கலந்ததைத்தான். அது தெருமுனையில் செண்டோல் என்ற பெயரில் கண்ணாடிக் கோப்பையில் விற்பனைக்கே இருந்தது. செண்டோல்காரர் என் தலையைக் கண்டதும் கோப்பையைக் கழுவ ஆரம்பித்துவிடுவார். “இன்னைக்கும் உங்க வீட்ல மீனா?” என்று மட்டும் கேட்பார்.

போகி நெருங்கியது. போகியன்று முன்னோர்களுக்கு வாழை இலையில் அவர்கள் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் படைப்பது செட்டிகள் வழக்கம். பார்ச்சு என்பார்கள். அந்த ஆண்டு அத்தையின் காலமான கணவருடைய தம்பி, அத்தானின் சித்தப்பா, சிங்கப்பூரிலிருந்து வருவதாக இருந்தது. நல்ல மனிதர், ஆனால் மனத்தில் இருப்பது அப்படியே வாய்க்கு வந்துவிடும். எங்கள் நாடகம் எதுவும் தெரியாத அவர் ஒரு வாய் சாப்பிட்டாலே போதும், எல்லாம் முடிந்தது. கிணற்றடியில் கூட்டம் போட்டோம்.

“நீ சொல்லேன். மருமகள் சொன்னா மாக் கேட்பாங்க” என்றார் அத்தான்.

“மருமகள் சொன்னா, வந்தவ அடுப்பப் பிடுங்கிட்டான்னுதான் தெருவே பேசும். உங்க அம்மா. நீங்க சொல்லுங்க.”

“ஆபாங் எங்க சொல்றது” என்றார் தம்பி. ஆபாங் என்றால் அண்ணன். “வெள்ளக்காரன்கிட்ட சுதந்திரம்கூடக் கேட்பார் லா. மாக்கிட்ட ஒரு கிளாஸ் தண்ணி கேட்கமாட்டார்.”

அத்தான் கோபப்படாமல் கிணற்றுக் கயிற்றை முறுக்கிக்கொண்டே நின்றார். கடைசியில், விருந்தாளிகளுக்காக என்று சொல்லி ஒரு பெரிய பானை நிறையத் தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் கலந்து வைப்பது என்று முடிவாயிற்று. தீயணைப்புப் படை என்று அந்தப் பானைக்குத் தம்பி பெயர் வைத்தார்.

பார்ச்சுச் சமையலுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. முன்னோர் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்த உணவு உயிரோடிருக்கும் யார் நாக்கிலும் படக்கூடாது. உப்புக்கூடப் பார்க்கக்கூடாது. விடிந்ததிலிருந்து அத்தை குளித்து ஈரக் கூந்தலோடு வேலை செய்தார். அக்கா எடுத்துக் கொடுத்தாள், நான் தேங்காய் துருவினேன். அத்தை ஒன்றையும் வாயருகே கொண்டுபோகவில்லை. மிளகாயை அள்ளினார், கொஞ்சம் கீழே விட்டார், மிச்சத்தைக் கல்லில் போட்டார். கண் எங்கோ இருந்தது. இலைகளில் பரிமாறி, விளக்கேற்றி, சாம்பிராணிப் புகை நிறைந்த அறையில் முன்னோர்களை விட்டுவிட்டு நாங்கள் வெளியே வந்து அமைதியாகக் காத்திருந்தோம். அந்த வீட்டுப் பெரியவர்கள் உள்ளே என்ன பாடு படுகிறார்களோ என்று நான் கவலைப்பட்டேன். அத்தான் வேண்டிக்கொள்வது போலத்தான் நின்றிருந்தார். ஆனால் கண் பானையின் மேல் இருந்தது.

பிறகு நாங்கள் உட்கார்ந்தோம். சித்தப்பா முதல் கவளத்தை எடுத்தார். நானும் எடுத்தேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு வாயில் வைத்தேன். இறால் வாசனை, புளிப்பு, அந்தச் சின்ன அமைதி. அப்புறம் எரிந்தது. எவ்வளவு எரிய வேண்டுமோ அவ்வளவு. சரியாக அந்தக் கோட்டில் வந்து நின்றது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அக்காவும் என்னைப் பார்த்தாள். தம்பி மென்றுகொண்டிருந்த வாயோடு அசையாமல் இருந்தார். “என் அண்ணன் இருந்தா இன்னும் ரெண்டு தட்டு கேட்பார்” என்றார் சித்தப்பா. அத்தை தலையைக் குனிந்துகொண்டு மீன் முள்ளை ஒதுக்கினார். தீயணைப்புப் பானையை அன்று தெருப் பிள்ளைகள் குடித்துத் தீர்த்தார்கள்.

அன்று பிற்பகல் பாத்திரம் கழுவும்போது அக்கா திடீரென்று கையை நிறுத்தினாள். “கை மறக்கலடி. நாக்குதான் மறந்திருக்கு. ருசி பார்க்கறப்பதான் தப்பு நடக்குது. பார்த்தா ஒண்ணும் தெரியல, தெரியலன்னதும் இன்னும் கொஞ்சம் போடறாங்க. பார்க்கலன்னா கை அதும்பாட்டுக்குச் சரியாப் போடுது.” இதை ஏன் நான் யோசிக்கவில்லை என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. மறுநாளே அக்கா அத்தையிடம் போய், எங்கள் அம்மா வீட்டில் தினமும் சாமிக்கு ஒரு பிடி வைக்காமல் யாரும் சமையலை நாக்கில் வைக்கமாட்டோம், அது இல்லாமல் எனக்கு மனசு கேட்கவில்லை, இங்கேயும் அப்படியே செய்யலாமா என்று கேட்டாள். அம்மா குழம்பு கொதிக்கும்போதே பாதியை ருசி பார்த்துத் தீர்ப்பவள். நான் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தை அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “போலே” என்றார். செய்யலாம் என்று அர்த்தம்.

அன்றிலிருந்து விளக்குக்கு முன்னால் ஒரு பிடி சோறும் குழம்பும் போயிற்று. மேசையில் நாற்காலிகள் நிறைந்தன. கோழிக்கூண்டின் கதவு ஆடுவதை நிறுத்தியது. செண்டோல்காரர் என்மேல் வருத்தப்பட்டார். பல மாதங்கள் அப்படிப் போயின. இதைவிட அழகாக ஒரு பொய்யைச் செய்ய முடியாது என்று நான் நினைத்தேன்.

சுதந்திரம் வந்த வாரம். பட்டணத்துத் திடலில் கொடியேற்றத்தைப் பார்த்துவிட்டு, கத்திக் கத்தித் தொண்டை கட்டி, பசியோடு வீடு திரும்பினோம். குருபோங்கிலிருந்து ஓர் உறவுக்காரர் தன் வீட்டுத் தோட்டத்துச் சிலிப்பாடி ஒரு பை கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அத்தையின் கை எப்போதும் போடும் அளவைத்தான் போட்டிருக்கிறது. மிளகாய்தான் வேறு. யாரும் ருசி பார்க்கவில்லை. அக்கா கட்டிய வழக்கமாயிற்றே. முதல் கவளம் உள்ளே போனதும் அத்தான் தலையை நிமிர்த்தினார். தம்பி நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

“உட்கார்” என்றார் அத்தை. “கோழி எங்கயும் போகாது.”

தம்பி உட்கார்ந்தார்.

“பெடாஸா?”

காரமா என்று கேட்கிறார். அத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து அத்தானிடம் நின்றார். “உன்னைத்தான் கேட்கறேன். பெடாஸா?”

“பெடாஸ், மாக்” என்றார் அத்தான். கண்ணிலிருந்து வழிந்துகொண்டிருந்தது.

“காய்ச்சலுக்கு அப்புறம் என் வாயில உறைப்பே தெரியல. உங்களுக்கு அது தெரியும். உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். சட்டையெல்லாம் யார் துவைக்கறது? பையெல்லாம் எறும்பு.” நிறுத்தி, தட்டில் சோற்றை ஒதுக்கினார். “முதல்ல நீங்க சொல்லிடுவீங்களோன்னு பயந்தேன். சொன்னா, பக்கத்து வீட்டு நாற்காலிதான் எனக்கும். அப்புறம் நீங்க சொல்லவே மாட்டேங்கறீங்களேன்னு ஆச்சு. எரியற வாயோட எழுந்து போறீங்க, என்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. நான் அப்பவே நாற்காலியிலதானே உட்கார்ந்திருக்கேன்?”

அக்காதான் எழுந்தாள். உள்ளே போய்த் தேங்காய்ப்பால் சட்டியையும் குழம்புச் சட்டியையும் கொண்டுவந்து மேசையில் அத்தையின் முன்னால் வைத்தாள். அத்தை பாலைக் கரண்டியில் எடுத்துக் குழம்பில் விட்டுக் கலக்கினார். அக்கா விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

“இன்னும் கொஞ்சம், மாக்.”

இன்னும் கொஞ்சம் விட்டார். “இப்ப?”

“சுக்குப்” என்றாள் அக்கா. போதும் என்று அர்த்தம்.

விளக்குக்கு முன் வைக்கிற வழக்கம் அதோடு நின்றது. பிறகு அத்தை சமைத்தார், அக்கா ருசி பார்த்துச் சொன்னாள். இடிக்கிற கல் அத்தையிடமே இருந்தது. பார்ச்சு அன்று மட்டும் அவர் யாரையும் கேட்பதில்லை. அன்றைக்குக் கேட்கவும் கூடாது.

இப்போது நான் கோலாலம்பூரில் ஒரு பள்ளியில் ஆசிரியை. உணவு விடுதியில் சாப்பிடுகிறேன். அங்கே காரம் என்பது மேலே மிதக்கிற சிவப்பு எண்ணெய்தான். போன விடுமுறைக்குக் காஜா பேராங் போயிருந்தேன். அக்கா கடைக்குப் போயிருந்தாள். அத்தை அடுப்படியிலிருந்து என்னைக் கூப்பிட்டுக் கரண்டியை நீட்டினார். நான் ஊதி, நக்கி, “நல்லா இருக்கு அத்தை” என்றேன்.

கரண்டி அப்படியே நின்றது. “நல்லா இருக்கான்னு யார் கேட்டா?”

மறுபடி ஒரு வாய் எடுத்து, இந்தத் தடவை நின்று பார்த்தேன். “எரியுது.”

“எங்க?”

“நாக்குல இல்ல. தொண்டையில.”

“அப்ப அது மிளகு” என்று அரைக் கரண்டி பால் விட்டார். கலக்கினார். மறுபடியும் நீட்டினார். என் வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப சரியா இருக்கு” என்றேன். உண்மையாகவே சரியாகத்தான் இருந்தது.

அத்தை கொஞ்சம் யோசித்தார். பிறகு சட்டியை மூடினார். “விடுதிச் சோறு தின்னு கெட்டுப்போன நாக்கு” என்றார். “இரு. உங்க அக்கா வரட்டும்.”